ஊட்டி வளர்த்த டவர்

அத்தான் இறந்துபோனதிலிருந்து மத்தளத்துக்கு எதுவும் ஒட்டுவதில்லை. காபி சுட்டால் சுடுகிறது என்று நாக்கு சொல்லும். சுட்டது தன்னைத்தான் என்று தோன்றாது. வாய் மட்டும் பழக்க தோஷத்தில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டவர்கள், பரவாயில்லை, ஆள் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

மத்தளம் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. துப்பறியும் ஆபீஸில் முதலாளியம்மா இடிப்பாள், வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி இடிப்பாள், இரண்டு பக்கமும் இடி வாங்குகிறவன் என்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் வைத்த பேர். ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலாளியம்மாவுக்கு ஊசி என்று பேர். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி, குத்தினால் குத்தின இடம் இரண்டு நாள் வலிக்கும்.

இந்தக் கேஸில் அவன் பேருக்கேற்ற மத்தளமாகவே ஆகிவிட்டான். எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரி, போன் கம்பெனி இன்ஜினீயர். அவள்மேல் புகார் கொடுத்திருப்பது அத்தானின் மனைவி, அவனுடைய சொந்த அக்கா. ஊசி முதல் நாளே சொல்லிவிட்டாள், "இதுல நீ வேணாம், லீவு போட்டுட்டு வீட்டுல இரு" என்று. "வீட்டுல இருந்தா அக்கா மூஞ்சியப் பார்க்கணும் மேடம். இங்க இருந்தா உங்க மூஞ்சிதான். பழகிப்போச்சு," என்று சொல்லி வந்துவிட்டான்.

"நாலு மணிக்குக் கம்பெனியில விசாரணை," என்றாள் இன்ஜினீயர். சின்னப் பெண். கைப்பையை மடியில் வைத்து, அதன் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "என் புரோகிராம் ஒரு மனுஷனைக் கொன்னுடுச்சுன்னு எழுதியே வெச்சுட்டாங்க. கையெழுத்துதான் பாக்கி. வேலை போறது மட்டும் இல்ல மேடம், போலீஸ் கேஸ் ஆயிடும். இனிமே எவன் என்னை நம்பி ஒரு வரி எழுதச் சொல்லுவான்?"

நடந்தது இதுதான். அத்தான் அதே கம்பெனியில் டவர் மெக்கானிக். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டில் இடி இடித்தாலும் கேட்காத கூட்டம். அங்கே ஏதோ வாங்கப் போனவர், பின்பக்கப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவசர எண்ணுக்கு என்றைக்கும் ஒரு வழி ஒதுக்கியிருக்கும். அது அவருக்குத் தெரியாததா? ஆனால் அவர் அதற்கு அடிக்கவில்லை. வாய்வு என்று நினைத்திருப்பார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்குத்தான் அடித்தார். எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாகப் பதில் வந்தது. மறுபடி அடித்தார். அவர் போனைப் பார்த்தால் வரிசையாக ஒரே பேருக்குத்தான், வீடு, வீடு, வீடு. மூட்டை இறக்க வந்த ஒருவர் பார்த்து ஓடிவந்தபோது தலை சாய்ந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் வேறு சொல்லிவைத்தார். அந்த வார்த்தையை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"போன் ஏன் போகல? அதை மறுபடி சொல்லு," என்றாள் ஊசி. "இவனுக்குப் புரியற மாதிரி சொல்லு. இவனுக்குப் புரிஞ்சா எனக்குத் தானா புரிஞ்சுடும்."

"டவர்ங்கறது ஒரு பஸ். சேனல்ங்கறது சீட்டு. பேசறவங்க பயணிங்க. ஏறினா இறங்கற வரைக்கும் அந்த சீட்டு அவங்களுக்குத்தான். படம் பார்க்கறது, போட்டோ அனுப்பறது எல்லாம் பார்சல் மாதிரி. துண்டு துண்டாக் கட்டி, எந்த சீட்டு காலியோ அதுல வெச்சு அனுப்பிடுவோம். பயணி வந்தா பார்சலைத் தூக்கிடுவோம்."

"நான் போற பஸ்ல பயணியத் தூக்கிட்டுப் பார்சல வைக்கிறாங்க," என்றான் மத்தளம்.

அந்தப் பெண் சிரிக்க முயன்றாள். வரவில்லை. "என் புரோகிராமுக்குக் கண்டக்டர் வேலை. எந்த பஸ் காலியா ஓடுதுன்னு பார்த்து, அதோட சீட்டைக் கழட்டிக் கூட்டமா இருக்கற பஸ்ல மாட்டிவிடும். கண் மூடித் திறக்கறதுக்குள்ள மாத்திடும். அன்னிக்கு மார்க்கெட் டவர் நிரம்பி வழிஞ்சுது. பக்கத்துல ரெண்டு டவர்கிட்டயும் சீட்டு கேட்டுச்சு. ஒண்ணு ரயில்வே டவர். ஃபுல்லுன்னுடுச்சு. அது பரவாயில்ல, ஸ்டேஷன் இருக்கற இடம். இன்னொண்ணு மில் டவர். அதுவும் ஃபுல்லுன்னுது."

"மில்லா? அதை மூடி வருஷக்கணக்காச்சே," என்றான் மத்தளம். "அங்க நாய் குரைக்கணும்னாகூட வெளியிலேருந்துதான் ஆள் வரணும்."

"அதைத்தான் நானும் கேக்கறேன். யாரும் காதுல வாங்கல."

"மில் டவர்ல பேசினது யாரு?" என்றாள் ஊசி.

"யாரும் பேசல. எல்லாம் பார்சல். பக்கத்து பஸ்ல இருக்கறது பயணியா பார்சலான்னு என் புரோகிராம் பார்க்காது, ஃபுல்லுன்னா விட்டுடும். எவ்வளவு நிரம்பியிருக்குங்கறது மட்டும்தான் என் பக்கம் தெரியும். யாரோடதுன்னு பில் போடற பிரிவுக்குத்தான் தெரியும். அவங்க கோர்ட்டு உத்தரவு கொண்டாங்கறாங்க."

அவள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மில் டவரின் நிரம்பல் ஒரு கோடாக ஓடியது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஊசி அதை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"மனுஷன்னா சாப்பிடுவான், குளிப்பான், தூங்குவான். கோடு ஏறி இறங்கணும். இது சாப்பிடவும் இல்ல, தூங்கவும் இல்ல. ஏதோ மெஷின் வெச்சிருக்காங்க." நகத்தால் ஓரிடத்தைத் தொட்டாள். "இங்க மட்டும் தூங்கியிருக்கே?"

"அந்த ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ராத்திரி. சுத்தமா நின்னுபோய், காலையில திரும்ப வந்துடுச்சு. கரண்ட் போயிருக்கும்னு விட்டுட்டேன்."

"ஒரே ஒரு மெஷின் ஒரு டவரையே ரொப்புமா?"

"போட்டிக்கு ஆளில்லேன்னா ஒரு போனே போதும். காலியா கிடக்கற சீட்டு மொத்தத்தையும் அதுக்கே கொடுத்துடும். சும்மா கிடக்கறதைக் கொடுத்தா என்னன்னு நான்தான் அப்படி எழுதினேன்." ஜிப் திறந்து மூடியது. "எத்தனை பேருன்னு கேக்கறதுக்கு ஒரு வரி சேர்த்திருக்கணும். சேர்க்கல. அது என் தப்புதான் மேடம். ஆனா நான் கொல்லல."

ஊசி பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். மத்தளம் ஸ்கூட்டர் சாவியைத் தேடினான். அது அவன் கையிலேயேதான் இருந்தது.

மில் வாசலில் ஏணி காத்திருந்தான். அத்தானோடு ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவன். நிலைப்படி எதுவாக இருந்தாலும் குனிந்துதான் நுழைவான், அதனால் அந்தப் பேர். மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் ரயில்வே டவர் அவன் பொறுப்பு. அத்தான் போன பிறகு, அவர் பார்த்துக்கொண்டிருந்த மில் டவர் சாவியும் அவனிடம்தான்.

"வா மச்சான்," என்று மத்தளத்தின் கையைப் பிடித்தான். பிடித்த கை ஈரமாக இருந்தது. "அக்கா எப்படி இருக்காங்க? சாப்பிடறாங்களா?"

"தட்டுல போட்டா பார்க்கறா. எடுத்தா விட்டுடறா. சாப்பாட்டுக்கு நல்ல காவல்."

மில்லின் கூரை பாதி விழுந்திருந்தது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. முற்றத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல். நடுவே டவர் மட்டும் பெயின்ட் உரியாமல், நட்டு துருப்பிடிக்காமல் நின்றது. காலடியில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் வெள்ளையடித்து, வாசலில் கால் துடைக்க மிதியடி போட்டிருந்தது. ஆளே வராத இடத்துக்கு மிதியடி போட்டவர் அத்தானாகத்தான் இருக்கும். அவர் அப்படித்தான்.

"இங்க பயங்கரக் கூட்டமாமே?" என்றாள் ஊசி.

ஏணி சுற்றிலும் பார்த்தான். "கூட்டமா? இங்கயா மேடம்?"

"சரி, வேற கேக்கறேன். ஒரு டவர் ரொம்ப நாள் காலியாவே கிடந்தா உங்க கம்பெனி என்ன பண்ணும்?"

சாவி பூட்டுக்குள் போய் நின்றது. ஏணி அதைத் திருப்பவில்லை. "கழட்டிடுவாங்க."

"மெக்கானிக்கை?"

"எங்க புதுசா டவர் போடறாங்களோ அங்க தூக்கி அடிப்பாங்க. பாஷை தெரியாத ஊரா இருந்தாலும் போய்த்தான் ஆகணும்."

"அப்ப டவர் காலியா இல்லாம பார்த்துக்கறது மெக்கானிக்குக்கு நல்லது."

ஏணி சாவியைத் திருப்பினான். பூட்டு திறந்தது.

மத்தளத்துக்கு அக்காவின் தையல் கடை ஞாபகம் வந்தது. மில் மூடினபோது கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அப்போது, "இந்த டவரைக் கழட்டிட்டா என்ன பண்ணுவீங்க அத்தான்?" என்று அவன் கேட்டிருக்கிறான். அத்தான் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே, "உங்க அக்கா கடைய விட்டுட்டு வர மாதிரி ஆகாது மாப்ளே. அதை நான் பார்த்துக்கறேன்," என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது. தோன்றியதோடு சரி, வலிக்கவில்லை.

அறைக்குள் மெஷின்கள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் பேட்டரி வரிசை, ஒரு பக்கம் விளக்குகள் மினுக்கும் அலமாரி, ஒரு மூலையில் துடைப்பமும் வாளியும். ஊசி நடுவில் நின்று தலையை மட்டும் திருப்பினாள். மத்தளம் குனிந்து பேட்டரிகளுக்குப் பின்னால் கைவிட்டான். தூசிதான் வந்தது.

"இங்க கம்பெனி சாமான் தவிர வேற ஒண்ணும் இல்ல மேடம்," என்றான் ஏணி. "நானே பார்த்துட்டேன்."

"எப்போ பார்த்தே? யாரு பார்க்கச் சொன்னா?"

ஏணி குனிந்து துடைப்பத்தை ஓரமாகத் தள்ளினான். வலிய வந்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான் என்று மத்தளம் நினைத்துக்கொண்டான்.

ஊசியின் கண் மேல் பலகையில் போய் நின்றது. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, சிவப்பு மையில் கொட்டை எழுத்தில், 'எலி மருந்து. தொடாதே' என்று எழுதியிருந்தது.

"அதைத் தொடாதீங்க," என்றான் ஏணி அவசரமாக. "விஷம்."

"இங்க எலி வந்து எதைத் தின்னும்?"

"ஒயரைக் கடிக்கும் மேடம்."

"எலி ஒயரைக் கடிக்கும். சரி, ஒத்துக்கறேன்." ஊசி விரலை நீட்டினாள். டப்பாவின் பின்பக்கம் ஆணியால் போட்ட ஓட்டை. அதற்குள் கறுப்பு ஒயர் ஒன்று நுழைந்திருந்தது. "எலி மருந்து எதுக்குய்யா ஒயரைக் கடிக்குது?"

மத்தளம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி டப்பாவை இறக்கினான். சூடாக இருந்தது. மூடியைத் திறந்தான். உள்ளே சார்ஜில் கிடந்தது ஒரு போன். திரையில் சத்தமில்லாமல் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது: மீன்தொட்டி. ஆரஞ்சு மீன்கள் இந்தப் பக்கம் போயின, அந்தப் பக்கம் வந்தன. பார்க்க யாருமில்லாமல் ராப்பகலாக ஒரு டவரையே அடைத்துக்கொண்டு நீந்திக்கொண்டிருந்தன.

"கண்டக்டரம்மா," என்றான் மத்தளம், அங்கே இல்லாத இன்ஜினீயரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி. "உங்க பஸ் மொத்தத்தையும் மீனுக்கு ரிசர்வ் பண்ணி வெச்சிருக்காங்க."

அப்புறம்தான் டப்பாவின் உட்புறத்தைப் பார்த்தான். போனில் கீறல் விழாமலிருக்கத் துணி தைத்துப் போட்டிருந்தது. பழுப்பில் மெல்லிய நீலக்கோடு. ஓரம் மடித்து, பிசிறு வராமல் இரட்டைத் தையல். அவன் இப்போது போட்டிருக்கும் சட்டையும் அதே துணிதான். அக்கா தைத்துக் கொடுத்தது. மீந்த துண்டை என்ன செய்தாள் என்று அவன் எதற்குக் கேட்கப் போகிறான்?

ஊசி சட்டையைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். நாலா பக்கமிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"டவருக்கு ஊட்டறதுன்னு சொல்லுவோம் மேடம்," என்றான் ஏணி. குரல் இறங்கிவிட்டது. "காலி டவர்னா கழட்டிடுவாங்க. அதனால ஒரு போனை வெச்சு ஊட்டிட்டே இருக்கறது. ரெண்டு மூணு பேர் ஆரம்பிச்சாங்க, அப்புறம் எல்லாரும். யாருக்கும் கெடுதல் இல்லன்னுதான் நினைச்சோம். காத்துல போற அலைதானே, யாரு வீட்டுச் சொத்து?"

"சரி," என்றான் மத்தளம். வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டான். "அப்ப அத்தானே வெச்சது. மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய சீட்ட இங்க பிடிச்சு வெச்சுட்டு, அங்க போய் உட்கார்ந்து போன் அடிச்சிருக்கார். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டார். கேஸ் முடிஞ்சுது மேடம். செத்தவரைக் கைது பண்ண முடியாது, போலாம்."

சொல்லிவிட்டு அவனே காத்திருந்தான், இப்போதாவது ஏதாவது வருகிறதா என்று. நெஞ்சுக்குள் ஒன்றுமே இல்லை. மரத்துப்போன காலை ஊன்றிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இன்னும் முடியலடா," என்றாள் ஊசி. 'டா' போட்டால் விஷயம் பெரிசு. "ஏணி, கரண்ட் போனா இந்த போன் அணையுமா?"

"அணையாது மேடம். பேட்டரிலேருந்துதானே ஒயர் போகுது."

"அப்ப அந்த சனிக்கிழமை ராத்திரி கோடு எப்படி நின்னுச்சு? போன்ல டேட்டா பேக் தீர்ந்திருக்கு. மறுநாள் காலையில யாரோ ரீசார்ஜ் போட்டிருக்காங்க, உயிர் வந்திருக்கு. அதுகூட உங்க அத்தானே போட்டாருன்னு வெச்சுக்கலாம். அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பேக் இன்னொரு தடவை தீர்ந்திருக்கணும். மீன் இன்னும் நீந்துது." அவள் குனிந்து அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "செத்தவர் ரீசார்ஜ் பண்ணுவாரா?"

அந்த நேரம் பார்த்து டப்பாவுக்குள் மணி அடித்தது.

மத்தளம் வாளியில் இருந்தபடியே துள்ளினான்; மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு அடி பின்னால் போனார்கள். மீன்கள் மறைந்து, திரையில் 'வீடு' என்று வந்தது. ஏணி, "ஐயோ," என்றான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊசி தலையை அசைத்தாள். மத்தளம் எடுத்துக் காதில் வைத்தான்.

அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மெதுவாக, நம்பாமல், அக்காவின் குரல் கேட்டது.

"ஏங்க?"

மத்தளம் போனை மறு காதுக்கு மாற்றினான். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அக்கா, நான்தான்."

வைத்துவிட்டாளோ என்று நினைத்தான்.

"எங்கடா இருக்கே?"

"மில் டவர்ல."

"டப்பாவத் திறந்துட்டீங்களா." கேள்வியாகக் கேட்கவில்லை. "எலி மருந்துன்னு எழுதினது நான்தான். அவர் எழுத்து அவருக்கே புரியாது. எவனாவது தெரியாம திறந்துடுவான்னு."

"தெரியும்க்கா. தையலைப் பார்த்தேன்."

"என் பேர்லதான்டா அந்த நம்பர். பேக் முடிஞ்சா எனக்குத்தான் மெசேஜ் வரும். சனிக்கிழமை ராத்திரி வந்துது. அவர் படுத்துட்டார். காலையில பார்த்துக்கலாம், இல்லேன்னா திங்கக்கிழமை போட்டுக்கலாம்னார். நான்தான் சொன்னேன், அதுக்குள்ள எவனாவது காலின்னு பார்த்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு. காலையில எழுந்ததும் போட்டுட்டுதான் பல்லே விளக்கினேன்." குரல் கடைக்குப் போய்வந்த கணக்கைச் சொல்வதுபோல ஒரே சீராக இருந்தது. "அவர் சொன்ன மாதிரி திங்கக்கிழமை போட்டிருந்தா அந்த போன் வந்திருக்கும்டா. நான் கையில போனை வெச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"கம்பெனிக்காரங்க வந்து எப்படி ஆச்சுன்னு விளக்கினாங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. பக்கத்து டவர் ஃபுல்லா இருந்துதுன்னு சொன்னாங்க. எந்த டவர்னு நான் கேக்கல."

"தெரிஞ்சுமா ரீசார்ஜ் போட்டே?"

"அதுக்கு அடிச்சா மணி போகுதுடா. அவர் போனைக் கம்பெனியில வாங்கிட்டாங்க, அடிச்சா அணைஞ்சிருக்குன்னு சொல்லுது. இதுவும் அவர் கையால வெச்சதுதானே. இதுக்கு அடிச்சா மணியாவது போகுது. யாரும் எடுக்க மாட்டாங்க. எடுக்கலன்னா வேலையில இருக்காருன்னு அர்த்தம்."

மத்தளம் கண்ணை மூடிக்கொண்டான். "அப்புறம் ஏன்க்கா அந்தப் பொண்ணு மேல எழுதிக் கொடுத்தே? நாலு மணிக்கு அவ வாழ்க்கையே போயிடும்."

"அவ இல்லேன்னா நான்தானேடா தம்பி."

அக்காவின் குரல் எட்டத்திலிருந்த ஊசிக்கும் கேட்டிருக்க வேண்டும். குத்துகிற ஆளுக்குக்கூடக் குத்த இடமில்லை.

திடீரென்று ஏணி கையை நீட்டிப் போனை வாங்கினான். நின்றபடியே பேசினான், தலை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணி, நான் பேசறேன். ரயில்வே டவரும் அன்னிக்கு ஃபுல்லுன்னு சொல்லுச்சு, தெரியுமா? அங்க இப்ப ஏது கூட்டம்? பாதி ரயில நிறுத்தி எவ்வளவு நாளாச்சு. என் டவர்லயும் ஒரு டப்பா இருக்கு அண்ணி. ஆசிட்டுன்னு எழுதி வெச்சிருக்கேன். நான் ஊட்டாம இருந்திருந்தா அவர் போன் என் சீட்டுல ஏறி உங்ககிட்ட வந்திருக்கும். ஒரு மாசமா தூங்கல. உங்ககிட்ட வந்து சொல்ல எனக்குத் துப்பில்ல." மூக்கை உறிஞ்சினான். "நாலு மணிக்கு நான் போறேன். என் டப்பாவத் தூக்கிட்டுப் போய் மேஜைமேல வெச்சுடறேன். நீங்க வரலேன்னாலும் பரவாயில்ல. நீங்க தனியா இல்ல, அது மட்டும் சொல்லணும்னு."

போன் மத்தளத்தின் கைக்குத் திரும்பி வந்தது. அக்கா அழுகிறாளா என்று உற்றுக் கேட்டான். இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு என்னடா வயசு?"

"சின்னவதான்க்கா. பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடறா."

"நான் வரேன். புடவை மாத்திக்கிட்டு வரேன். எங்க வரணும்னு உங்க மேடம்கிட்ட கேட்டு அனுப்பு. அவகிட்ட நானே சொல்லிடறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "என்னையும் பிடிப்பாங்களா?"

மத்தளம் ஊசியைப் பார்த்தான். ஊசி முதல் தடவையாகக் குரலை இறக்கிப் பேசினாள். "மீன் பார்த்ததுக்கு யாரையும் பிடிக்க மாட்டாங்கன்னு சொல்லு. வேற எது வந்தாலும் நான் கூட இருக்கேன்னு சொல்லு."

சொன்னான். அக்கா 'ம்' என்றாள். அப்புறம், "தம்பி," என்றாள்.

"சொல்லுக்கா."

"அதை அணைச்சுடு. மார்க்கெட்ல இன்னிக்கும் கூட்டமாத்தான் இருக்கும். எவ வீட்டுக்காரனோ எங்கேயோ அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்."

"சரிக்கா."

"இரு. அணைக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அடிச்சுக்கறேன். நீ எடுக்காதே."

இணைப்பு போனது. மீன்கள் திரும்ப வந்தன, ஒரு சுற்று சுற்றின. மணி அடித்தது.

வீடு என்று திரையில் எழுத்து. மத்தளம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கட்டைவிரல் பழக்கத்தில் எடுக்கிற பக்கம் நகர்ந்தது, மடக்கிக்கொண்டான். ஏணி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். இது அத்தானுக்கு வருகிற போன். அத்தான் எடுக்க மாட்டார். வேலையில் இல்லை, வழியில் இல்லை, தூங்கவும் இல்லை. மணி அடிக்கிற மட்டும் அடித்துத் தானாக நின்றது.

ஒயரை உருவி, பக்கத்துப் பொத்தானை அழுத்தினான். திரை கறுத்தது. வாளியின்மேல் உட்கார்ந்தபடியே, "அத்தான்," என்று ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிட்டான். கூப்பிட்டதும் உடம்பெல்லாம் குலுங்க ஆரம்பித்தது. பழுப்புச் சட்டையின் முன்பக்கம் நனைகிற அளவுக்கு, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான்.

ஊசி தோளைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல் மிதியடியில் போய் நின்றாள்.

"அழு," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "மூணரைக்குக் கிளம்பினா போதும்."